வாத்து முட்டைக்குச் சத்தம் ஆகாது

போன மாதம் என் பேரன் குஞ்சு பொரிக்க வைக்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தான். அதுவே முட்டையைப் புரட்டுகிறது. சூடு குறைந்தால் கீச் கீச்சென்று கத்துகிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் கத்தக்கூடாது என்பதுதான் சட்டம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், அவளும் சிரிக்கிறாள்.

அப்போது நாங்கள் மஹய்யாவை மேட்டில் இருந்தோம். ஒரே கூரை, இரண்டு குசினி. ஒன்று அம்மாவுடையது. மற்றது அப்பாவின் அக்காவுடையது. புருஷன் போனபின் அத்தை எங்களோடு வந்து இருந்தார். தேங்காய் திருவலையை யார் கழுவாமல் வைத்தது என்று ஒருநாள் தொடங்கிய சண்டை, அடுப்பு இரண்டாகிய பிறகும் ஓயவில்லை. பாவம் அப்பா, இந்தக் குசினியில் ஒரு தட்டு, அந்தக் குசினியில் ஒரு தட்டு என்று சாப்பிட்டு வயிறு வீங்கித் திரிந்தார்.

அம்மாவின் தம்பி திகனப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்தார். ஒருநாள் அந்த மாமா ஒரு தேயிலைப் பெட்டியும் பத்து வாத்து முட்டையும் கொண்டுவந்து நடுவறையில் வைத்தார். பெட்டிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். சூடு பார்க்கிற கண்ணாடிக் குழாயில், பாதரசம் எதுவரை ஏற வேண்டுமோ அந்த இடத்தில் எனக்காக ஒரு சிவப்பு நூலைக் கட்டினார்.

"கோழி மாதிரி இல்ல, இது இருபத்தெட்டு நாளு. தாய் வாத்து நனஞ்சுக்கிட்டு வந்து படுக்கும். அந்த ஈரத்த நாமதான் குடுக்கணும். அக்கா, நீ தண்ணி தெளி. மதினி, நீங்க மூணு வேளையும் புரட்டுங்க. ஒரு பக்கம் கரிப்பொட்டு வச்சிருக்கேன், பாத்துக்குங்க." பிறகு என்னிடம் குனிந்து, "வாத்து முட்டைக்குச் சத்தம் ஆகாது. யாராச்சும் சண்டை போட்டா உள்ள இருக்கிற குஞ்சு பயந்து செத்துரும். நீதான் காவல். முதல் குஞ்சு ஒனக்கு" என்றார்.

எனக்கு அது போதும். அம்மா வாயைத் திறந்தால் ஓடிப் போய் முன்னால் நிற்பேன். அத்தை பாத்திரத்தை நங்கென்று வைத்தால் அழுவேன். வீடு கோயில் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "என்னா, யாருக்கும் சொகமில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இருபதாம் நாள் காலை, நல்ல தூறல், குளிர். அம்மா தண்ணீர் தெளிக்க, ஒரு துளி சுட்டுக்கொண்டிருந்த பல்பில் பட்டது. பட்டென்று வெடித்தது. அத்தை ஓடி வந்தார். நான் உஷ்ஷென்று வாயில் விரலை வைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ண எங்க வச்சிருந்த?" என்றார் அத்தை, காற்றுக் குரலில்.

"நீங்க புரட்டுறப்ப ஒடைக்கலியா ஒரு முட்டைய?" அம்மாவும் அதே குரலில்.

"அது வெறும் கீறல், புள்ள!"

"இதும் வெறும் துளிதான், மதினி!"

கிசுகிசுத்துச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று வார்த்தைக்கு மேல் போகாது. அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் பார்த்தால், ரசம் சிவப்பு நூலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. புது பல்பு வாங்க டவுனுக்கு இறங்கி ஏறுவதற்குள் முட்டை ஆறிவிடும். அத்தை தன் குசினிக்குப் போய், அங்கே இருந்த ஒரே பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். அது ஜன்னல் இல்லாத குசினி, பகலிலும் இருட்டு. மத்தியானம் அத்தை அரிசிப் பானையோடு எங்கள் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு மட்டுந்தான்."

"வாங்க மதினி, அடுப்பு சும்மாதான் இருக்கு" என்றார் அம்மா.

இருபத்தெட்டாம் நாள் முட்டை ஓட்டில் சின்னத் துளை விழுந்தது. அதற்கப்புறம் ஒரு முழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஓட்டை உரிக்கக் கை நீட்டினேன். "கைய வச்ச, ரத்தம் வந்து செத்துரும்" என்று, பார்க்க வந்திருந்த மாமா தட்டிவிட்டார். அம்மாவும் அத்தையும் ஈரத்துணி போட்டுப் போட்டு, தலையோடு தலை முட்டப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஏழு குஞ்சு வெளியே வந்தன. என்னுடையதற்கு வலது கால் கொஞ்சம் சப்பை. ஆனாலும் ராஜா மாதிரி நடக்கும். மூன்று முட்டை பொரியவில்லை. அந்தக் கிசுகிசுச் சண்டையில்தான் அவை போய்விட்டன என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். மாமா சிரித்தார். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, என்னை ஒருவரும் திருத்தவில்லை.

குஞ்சுகளுக்குக் கொஞ்ச நாள் சூடு வேண்டுமென்று பல்பு பெட்டியிலேயே எரிந்தது. பிறகு அவை வளர்ந்து, கொல்லைப்புறத் தண்ணீர்க் கானில் விழுந்து நீந்தத் தொடங்கின. அப்போதும் அத்தை எங்கள் அடுப்பில்தான் சமைத்தார். அப்பா ஒரே தட்டில் சாப்பிட்டு மெலிந்துவிட்டார். அத்தை பல்பை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாக அதைக் கழற்றித் துடைத்து, அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தை என்னைப் பார்த்தார். அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பெட்டியிலயே மாட்டு போ" என்றார் அத்தை. "வாத்து முட்டை போட்டா மறுபடியும் வேணும்ல."

மாட்டினேன். வாத்து முட்டை போட இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறதே, அதுவரை அத்தையின் குசினி எதற்கு இருட்டில் கிடக்க வேண்டும் என்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை.