மாதிரிக் காய்

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் எனக்கு நிலக்கடலைத் தரம் பார்க்கும் வேலை. மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து, உடைத்து, மென்று பார்த்துச் சொல்ல வேண்டும். இடையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். இரவில் என் மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொன்னதால், விழுப்புரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். “உடம்பக் கொறைங்க” என்றார்.

சோற்றை விட்டேன். மூன்று வேளையும் கேப்பைக் கூழ்தான். வாரம் ஒருமுறை மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பேன். எடை குறையவே இல்லை. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று மண்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் மதியம் கூழ் கொண்டுவந்த மனைவி, என் காலைச் சுற்றிக் குவிந்திருந்த தோலைப் பார்த்தாள்.

“காலையிலேர்ந்து இதயா தின்னுக்கினு இருக்கீங்க?”

“இது வேலை. சாப்பாடு இல்ல.”

அவள் கத்தவில்லை. “மூச்சு நின்னா எழுப்பணுமேன்னு, ரெண்டு வருஷமா நான் தூங்காம உக்காந்துக்கினு இருக்கறேன்” என்றாள்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த மூட்டைக்குள் கையை விட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் வாய் மென்றுகொண்டிருந்தது.