கிரியோல் என்று ஒரு தடை

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் நான் கிளார்க். நாள் முழுக்கக் காகிதத்தில் ஓட்டை தேடுகிற வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் என்னோடு வந்துவிடும்.

தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது. கப்பலில் எஞ்சின் வேலை. அவர் அப்பா பக்கத்துக் கீழவைப்பார் ஊர்க்காரர். பிழைக்கப் போன மொரீஷியஸில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவர். பையன் பிறந்ததும் அங்கேதான் என்பதால் ஞானஸ்நானச் சான்று அங்கிருந்து வந்தது. கூடவே அந்த ஊர்ச் சாமியார் எழுதிய இங்கிலீஷ் கடிதம். தாயார் ‘கிரியோல்’ குடும்பம் என்று அதில் ஒரு வரி.

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸில் விசாரித்தேன். கலப்புச் சாதி என்றார் மேனேஜர். தீவில் பிறந்த வெள்ளைக்காரனுக்கு அந்தப் பேர் என்றான் ஒரு மாலுமி. இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளின் வாரிசு என்றான் இன்னொருவன். ஒரே சொல்லுக்கு மூன்று அர்த்தமா? எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பை, ஓலை என்போம், மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். தாயாரின் பூர்வீகத்துக்காக அவர் கல்யாணத்தை நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் ஓலை முடிந்ததும் போய், “மாப்பிள்ளைக்கு அங்கன ஒரு பொண்டாட்டி இருக்காளாம் சாமி, பேச்சு அடிபடுது” என்றேன். அப்படி யாரும் பேசவில்லை.

“எழுதிக் கேக்கேன்” என்று அவர் இரண்டாம் ஓலையை நிறுத்திவைத்தார். சங்கதி தெரிந்த மாப்பிள்ளை யாரிடமும் எதுவும் கேட்காமல் கப்பலேறிவிட்டார்.

மொரீஷியஸ் சாமியாரிடமிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆனது. பொண்டாட்டியும் இல்லை, தடையும் இல்லை. கூடவே கேட்கச் சொல்லி நான் சாமியிடம் சொல்லியிருந்த கிரியோலுக்கும் விளக்கம் எழுதியிருந்தது. வளர்ப்பதைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததாம்; வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்று முதல் பொருளாம். அந்தத் தீவில் இப்போது பெரும்பாலும் அடிமைகளின் சந்ததியைச் சொல்கிறார்களாம். ஞானஸ்நானம் கொடுத்தபோது போர்ச்சுக்கீசியன் விட்டுப்போன குடும்பப் பேரைத்தான் எங்கள் குடும்பமும் நானூறு வருஷமாகச் சுமக்கிறது. எந்தத் தாத்தா வெள்ளைக்காரன் என்று எங்களிடம் யாரும் சான்று கேட்டதில்லை. கூசிப்போனேன்.

தங்கை அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “ஏளா, அது ஒண்ணும் தப்பான வார்த்தை இல்லியாம்” என்று ஆரம்பித்துக் கடிதத்தில் இருந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“அவுக அம்மா அடிமை வம்சம்னு நிச்சயத்தன்னைக்கே அவுகளே எங்கிட்டச் சொல்லிட்டாக. கேட்டுட்டுத்தான் நான் சரின்னேன். சாமிகிட்டப் போறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?”