மலை வைத்துக்கொண்ட பெயர்

மாடி கட்டுவதற்காக வாசலில் கொட்டியிருந்த ஜல்லியின் மேல் நேற்று தண்ணீர் அடித்தபோது, மழை நனைத்த பாறையின் வாசம் எழுந்தது. "பெருமுக்கல் பக்கத்துக் கல்லுங்க. அந்த மலையே காலியாயிடுச்சு," என்றார் லாரிக்காரர். காலியாவதற்கு அது என்ன தண்ணீர்க் குடமா?

எனக்குத் தெரிந்த மலைதான். உப்பளத்தில் வேலை நின்றுபோகும் மாதங்களில் அம்மாவும் தெருப் பெண்களும் சுள்ளி பொறுக்க அங்கே ஏறுவார்கள், நானும் ஒட்டிக்கொள்வேன். காரைமுள் பாவாடையைப் பிடித்து இழுக்கும், பட்டப்பகலிலும் மரத்தடிகள் இருண்டு கிடக்கும், கீழே ஆறு வளைந்து வளைந்து உப்புப் பாத்திகளின் பக்கம் போய்க்கொண்டிருக்கும், நாங்கள் எழுப்பும் சத்தத்தைப் பாறைகள் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். மலையின் வாயில் பெயர் விழக் கூடாது என்று அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். "ஊய்" என்பதோடு சரி.

ஒருநாள் விளையாட்டாக நான் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, பதறிப்போன அம்மா, அவள் மட்டுமே என்னை அழைக்கும் பெயரைக் கத்திவிட்டாள்.

"ஏ பவுனூ!"

எல்லோரும் அசையாமல் நின்றோம். எதிரொலி வரவே இல்லை. அம்மா சுள்ளிக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"திருப்பித் தரலடி," என்றாள். "வச்சிக்கிச்சு."

அம்மா இறந்த பிறகு அந்தப் பெயரை நான் கேட்டதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

இன்று மத்தியானம் ஜல்லிக் குவியலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, வெளிய யாரோ கூப்புடுறாங்க. பவுனுன்னா யாரு?"