கடிபடாத மெத்தை

எதிர்வீட்டு லாரி ஓனர் இன்று காலை எங்கள் கேட்டைத் தட்டினார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏனுங்க, நம்ம டைகரு இனிமே மெத்தையக் கடிக்காதுங்க. ஊட்டுக்கு வந்து பாருங்க!"

லாரி சீட் தைக்கும் பட்டறையில் சொல்லி, ரெக்ஸினில் நாய்க்கென்று அவர் தைத்து வாங்கிவந்த மெத்தை. நாய் அதைக் குதறிப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. போன வாரம் என்னிடம் வழி கேட்டார்.

"நாள் முழுக்கக் கட்டியே வெச்சிருக்கீங்க, அதுக்கு வேற என்னங்க வேலை? கொஞ்சம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். நன்றாகத் தலையாட்டினார்.

போய்ப் பார்த்தேன். புதிதாகத் தைத்த மெத்தை, ஒரு கீறல் இல்லை. ஒரு முழம் தள்ளி, வெறும் சிமெண்டுத் தரையில் டைகர் சுருண்டு கிடந்தது.

"சங்கிலியச் சுருக்கிக் கட்டிட்டேனுங்க. வாய் எட்டாது பாருங்க."

வாய் மட்டுமா, கால்கூட எட்டாது.

"அப்ப மெத்தை யாருக்குங்க?"

"டைகருக்குத்தானுங்க. அதுக்குன்னே தச்சதுங்க" என்றார், துளியும் சிரிக்காமல்.

நான் கிளம்பும்போது அடுத்த சந்தேகம் கேட்டார். "இப்ப ஓயாம ஊளையிடுதுங்க. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா?"

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். சங்கிலியில் இன்னும் இரண்டடி மிச்சமிருக்கிறது.