பிழைப் பக்கத்தை எழுதியது நான்தான்

வெப்சைட் கட்டும் தொழிலில் முகப்புப் பக்கம் செய்தவருக்குத்தான் பேர். பிழைப் பக்கம் செய்தவளுக்குத் திட்டு மட்டும்தான். சைட் விழுந்துபோகிற நேரத்தில் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று ஒரு பக்கம் வருமே, அதைத்தான் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்து மவுஸை மேஜையில் குத்தியிருப்பீர்கள். மீதிப் பேர் அதை எழுதிக் கொடுத்துவிட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு கூட்டமும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

2010 வாக்கில் நாகர்கோவில் வடசேரியில், ஒரு டயர்க்கடை மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி சுயம்பு அண்ணன், பக்கங்களுக்கு வடிவம் கொடுக்கும் ஜெனிபா, சிதறாலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து புரோகிராம் எழுதும் நான். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர், இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக் கடை வைத்திருந்த தாணு அண்ணாச்சி. அவர் கடையில் கல்யாணச் சீர் எடுப்பவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அங்கிருந்தபடியே குத்துவிளக்கும் உருளிப் பாத்திரமும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஊர் விலாசத்தை எழுதி அமுக்கினால் சாமான் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த சைட் நின்றால்தான் எங்கள் மூன்று பேர் கம்பெனியும் நிற்கும் என்கிற நிலைமை.

நாற்பது வரி ரசீது

சைட் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கடற்கரைப் பக்கத்து அம்மா ஒருவர் கையில் ஒரு தாளோடு கடைக்கு வந்து, பாத்திரங்களைக் கட்டித் தரச் சொன்னார். "எனக்க மவன் குவைத்துல இருந்து அனுப்பினதாக்கும்" என்று தாளை நீட்டினார். மகன் ஆர்டர் கொடுத்து அமுக்கியதும் திரையில் ஒரு பக்கம் வந்திருக்கிறது. அவன் அதை ரசீது என்று நினைத்து ஊர் பிரவுசிங் சென்டருக்கு மெயில் பண்ணி, அம்மாவைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். உண்மையில் அது, சைட் உள்ளே உடைந்ததும் புரோகிராமர் பார்ப்பதற்காக வருகிற பக்கம். நாற்பது வரி இங்கிலீஷ். நான்காவது வரியில் எங்கள் டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் வேறு பட்டவர்த்தனமாக இருந்தது. ஆர்டர் வந்து சேரவே இல்லை.

அண்ணாச்சி அந்தத் தாளோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அந்த அம்மாவுக்குச் சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார். "ரெண்டு தரம் பொறுப்பேன், இது ஒண்ணு. மூணாவது தடவையும் வாடிக்கைக்காரன் முன்னால நான் முழிச்சிட்டு நின்னேம்னா, சைட்ட மூடிட்டு பழையபடி போன்லயே யாவாரம் பாத்துக்கிடுவேன், கேட்டியா?" என்றார். பிறகு அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை என் மேஜையில் விரித்து, விரலால் வரி வரியாகத் தடவினார்.

"எல்லாஞ் செரி பிள்ளே, இதுல குத்துவிளக்கு எந்த வரியில இருக்கு?"

செக்போஸ்ட் எங்கே?

அந்த வாரமே பிழை பிடிக்கும் வேலையை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதுவதை விட்டுவிட்டு, மிடில்வேர் என்ற முறைக்கு மாறினேன். அந்தச் சொல் அப்போதுதான் எங்கள் மாடிக்கு ஏறி வந்திருந்தது. சைட்டுக்கு வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையாகச் சில வாசல்களைக் கடந்து உள்ளே போகும், பதிலும் அதே வாசல்கள் வழியாகத் திரும்பி வரும். அதில் ஒரு வாசலைப் பிழைக்கென்று வைத்துவிட்டால், உள்ளே எது உடைந்தாலும் அங்கே பிடித்து நம் பக்கத்தைக் காட்டிவிடலாம். சுயம்பு அண்ணனுக்கு இதை விளக்க, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரி என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

எனக்குத்தான் சரியாகப் புரியவில்லை. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் வாசலை முன்னால் வைத்து, பிழை வாசலை அதற்கு அடுத்து வைத்திருந்தேன். சோதித்துப் பார்த்தபோது முன்வாசலிலேயே ஏதோ உடைய, மறுபடியும் அதே நாற்பது வரி. நல்லவேளை, அண்ணாச்சி கண்ணில் படவில்லை. எல்லா வாசலுக்கும் முன்னால், முதல் ஆளாக நிற்க வேண்டியது பிழை வாசல். இன்றைக்கும் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் இதே தப்பைச் செய்யும்போது நான் சத்தம் போடுவதில்லை, அன்றைக்கு சுயம்பு அண்ணன் என்னிடம் கேட்டதைத்தான் கேட்கிறேன்.

"செக்போஸ்ட்ட திருவனந்தபுரத்துல கொண்டு வச்சிட்டு, களியக்காவிளையில கவுந்த லாரியக் காணலன்னு சொன்னா எப்பிடி மக்கா?"

அண்ணாச்சி சொல்லாத சொல்

வாசல் சரியானதும், அதில் காட்ட வேண்டிய பக்கங்களை எழுத உட்கார்ந்தேன். சைட்டிலிருந்து எடுத்துவிட்ட பழைய சாமானைத் தேடி வருகிறவர்களுக்காக, "நீங்கள் தேடிய பக்கம் இல்லை" என்று எழுதி அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்க கடையில இல்லங்கற சொல்லு கெடையாது பிள்ளே" என்றார். உண்மைதான். அந்தக் கடையில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேட்ட அளவில் உருளி தீர்ந்துபோயிருந்தால், "வருது, இருங்க, ஒரு சாயா குடியுங்க" என்பார்கள். சாயா தீர்வதற்குள் வேறு இரண்டு உருளிகள் முன்னால் வந்துவிடும்.

சரி, கடைக்காரர் இஷ்டம் என்று மாற்றி எழுதினேன். வந்தவர் என்ன சாமானைத் தேடினார் என்று இணைய முகவரியிலிருந்தே எடுத்து, அதன் பெயரையும் சேர்த்து "வந்துகொண்டிருக்கிறது, அதுவரை இவற்றைப் பாருங்கள்" என்று விளக்குப் படங்களோடு காட்டினேன். ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு எண் போகும். மனிதர் கண்ணில் படாது, இயந்திரங்கள் மட்டும் படிக்கும். 404 என்றால் இல்லை, 200 என்றால் எல்லாம் சரி. வாயால் சொல்லாததை எண்ணால் மட்டும் சொல்வானேன் என்று 200-ஐயே வைத்துவிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரி நாகர்கோவிலில் கிடையாது என்று ஒரு நினைப்பு. அண்ணாச்சி இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இப்பதான் பிள்ளே, எனக்க கடை பேசின மாதிரி இருக்கு."

கருங்கல்லில் இருந்து ஒரு வேன்

நாலு மாதம் கழித்து, கருங்கல் என்ற ஊரில் இருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்துக் கடைக்கு வந்தது. ஏழடி விளக்கு வேண்டுமாம். அண்ணாச்சி அந்த விளக்கை விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டார், சைட்டிலிருந்தும் எடுத்தாயிற்று. ஆனால் இணையத்தில் தேடினால் "ஏழடி விளக்கு வந்துகொண்டிருக்கிறது" என்று எங்கள் கடைப் பெயர்தான் முதலில் நின்றது. 200 என்று நான் அனுப்பியதைத் தேடுபொறி அப்படியே நம்பி, இல்லாத சாமானையெல்லாம் இருப்பதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு பேர் வரிசையாக நிற்க, வாழ்நாளில் முதல்முறையாக அண்ணாச்சி "இல்ல" என்று வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

"ரெண்டாச்சு" என்றுதான் மாடிக்குள் நுழைந்தார். ஜெனிபா நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை. தப்பு என்னோடது என்று நேராகச் சொல்லிவிட்டு, எண்ணைப் பற்றி விளக்கினேன். மனிதர்கள் பார்ப்பது அவர் விருப்பப்படி அப்படியே இருக்கட்டும், இயந்திரத்துக்குப் போகும் எண்ணை மட்டும் 404 ஆக்க அனுமதி கேட்டேன். மிடில்வேரில் ஒரே ஒரு வரி. அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மெஷினுக்கு ரோஷம் கெடையாதுல்லா? அதுகிட்ட இல்லன்னே சொல்லிக்கோ."

பிழைக்கே பிழை

இது எங்களுக்குள் நடந்தது, கடைவரை போகவில்லை. சோதனைக்காக டேட்டாபேஸை நாங்களே நிறுத்திப் பார்த்தோம். பிழைப் பக்கம் வர வேண்டும். வந்தது வெறும் வெள்ளைத் திரை. யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான். விளக்குப் படங்களை என் பிழைப் பக்கம் எங்கிருந்து எடுக்கிறது? அதே டேட்டாபேஸில் இருந்து. அன்றோடு எந்தத் துணையும் கேட்காத வெறும் பக்கமாக அதை மாற்றினேன். கூடவே, வாடிக்கையாளர் எழுதி அனுப்பியதை முதலில் ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி எண் போட்டு வைத்துவிட்டு, பிறகு பக்கத்தைக் காட்டும்படி செய்தேன். அந்த மாற்றத்துக்குக் காரணம் ஜெனிபா அன்று சொன்ன வார்த்தை.

"ஏட்டி, ஆறுதல் சொல்ல வந்தவளே கெடந்து அழுதா, வீட்டுக்காரி என்ன செய்வா?"

முப்பத்தேழாம் எண்

புதிய பக்கத்தில் நான் எழுதியது நாலே வரி. "பிழை எங்களுடையது. நீங்கள் எழுதியது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. மறுபடி அனுப்ப வேண்டாம். கடைக்குப் போன் செய்து இந்த எண்ணைச் சொல்லுங்கள்." முதல் வரியை எடுத்துவிடும்படி சுயம்பு அண்ணன் எவ்வளவோ சொன்னார். கம்பெனிக்காரன் தப்பை ஒத்துக்கொண்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று அவருக்குக் கவலை. நான் எடுக்கவில்லை.

கல்யாண சீசனில் ஒருநாள் உச்சி வெயிலில் டேட்டாபேஸ் நிஜமாகவே நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து போன். "மூணாச்சு பிள்ளே" என்றார் அண்ணாச்சி. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஷைனி என்ற பெண் லைனில் இருக்கிறாள், ஏதோ முப்பத்தேழு என்கிறாள், நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டார். கோப்பைத் திறந்தேன். முப்பத்தேழாம் எண் இருந்தது, ஒரு எழுத்துகூடக் குறையாமல். பிரிண்ட் எடுத்துக்கொண்டு இரண்டு தெருவும் ஓடினேன். குத்துவிளக்கு ஒரு ஜோடி, உருளி ஒன்று, பித்தளைக் குடம் இரண்டு. கீழே குறிப்பு: என் கல்யாணச் சீர், பாத்திரத்தில் பெயர் வெட்ட வேண்டும், ஷைனி.

அண்ணாச்சி போனில் வாசித்துக் காட்டினார். சீர்ப் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரைத்தானே வெட்டுவது வழக்கம்? "இது பொண்ணுக்க பேருல்லா, குடுக்கவங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார். "அதுவும் நான்தான் அண்ணாச்சி. தங்கச்சிமாரு ரெண்டு பேருக்கும் நான் குடுத்தாச்சு. இப்ப எனக்கு நானே குடுக்கேன்" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அண்ணாச்சி பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றார்.

லீவில் வந்ததும் சாமான் எடுக்க ஷைனி கடைக்கு வந்தாள். அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று கேட்டாளாம், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வார்டுல எது நடந்தாலும் பிழை நர்ஸ்மாருக்கதுன்னுதான் சொல்லுவாவ அக்கா. பிழை எங்களுடையதுன்னு ஒருத்தர் எழுதி நான் பாத்ததே இல்ல. அதாக்கும் நம்பிப் போன் பண்ணினேன்" என்றாள். ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, அதற்குப் பிறகு நான் செய்த எந்தப் பெரிய சைட்டிலும் வந்ததில்லை. கல்லாவில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, மூன்றாவது கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் வரவழைத்துக் காட்டச் சொன்னார். நாலு வரியையும் வாய்விட்டு வாசித்தார்.

"இவ்வளவு நல்ல பக்கத்த என்னத்துக்குப் பிள்ளே ஒளிச்சு வச்சிருக்க? தூக்கி முன்னால போடு!"

ஆக, தோழர்களே, நன்றாக ஓடுகிற சைட் செய்தவர்களுக்குச் சம்பளம்தான் வரும், நன்றாக விழத் தெரிந்த சைட் செய்தவளுக்குக் கல்யாணப் பத்திரிகையும் வரும்.