அம்மையார் படத்துக்கு அம்மா உட்கார்ந்தது

பேத்தியின் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்மணிகளைப் பற்றி எழுதி, படம் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். கடைக்குப் போவது நான்தான். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இதற்கென்றே சார்ட் விற்கிறது. மேலே ‘இருபது சாதனைப் பெண்கள்’ என்று போட்டிருந்தது. எண்ணினால் பத்தொன்பது பேர்தான். ஒருவரை இரண்டு இடத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். திரும்பப் போய்ச் சொன்னேன். “வெட்டி ஒட்டறதுக்குத்தான சார், ஒண்ணு எக்ஸ்ட்ரா கீதுன்னு வெச்சுக்கோ” என்றான் கடைக்காரன். எழுபத்திரண்டு வயதில் அவனோடு என்ன வாதம் செய்வது. வீட்டுக்கு வந்து மறுபடி எண்ணியபோதுதான் கவனித்தேன். பதினான்காவது படம் என் அம்மா.

அம்மா பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறக்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கவில்லை, புத்தகம் எழுதவில்லை. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். படத்தின் கீழே உள்ளது, அதையெல்லாம் செய்த அம்மையாரின் சரியான பெயர்தான். முகம் மட்டும் எங்கள் வீட்டு முகம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா செங்கல்பட்டு ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. எங்கள் தெருக்கோடியில் இருந்த பெண்கள் பள்ளிக்கு அந்த வருடம் எழுபத்தைந்து ஆண்டு நிறைந்தது. அதைத் தொடங்கிய அம்மையார் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் பதினொரு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாராம். மறுநாள் வந்தது நான்கு பேர். மீதி ஏழு பேரின் வீட்டிலிருந்து சாணி உருண்டைதான் வந்தது. அதைப் பொருட்படுத்தாமல் பாடம் நடத்தி, பெண்கள் படிப்பதற்கென்று தன் கையாலேயே ஒரு கதைப் புத்தகமும் எழுதி, சென்னையில் அச்சடித்துக் கொண்டுவந்தார். அவ்வளவு செய்தவர் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளவில்லை. விழாவில் திறந்துவைக்கப் படம் வேண்டுமே என்று தலைமையாசிரியை என் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. மாமல்லபுரத்தில் இருந்துகொண்டு நாடகத் திரைகளும் கடைப் பலகைகளும் எழுதுபவர். அம்மையாரைப் பார்த்தவர் என்று பள்ளியில் மிஞ்சியிருந்தது கிழட்டு ஆயா ஒருத்திதான். மாமா அவளைக் கேட்டார்.

“கறுப்புதான். நெத்தி இம்மாம் அகலம். சிரிக்கவே மாட்டாங்க” என்றாள் ஆயா.

மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “அக்கா, இதுக்குன்னே பொறந்த மூஞ்சி உன்னுது. வந்து உக்காரு.”

“இன்னாடா கிண்டலா? எனக்கு வேல தலைக்கு மேல கீது.”

“உக்கார்றதும் வேலதான். வந்து பாரு, இடுப்பு ஒடிஞ்சிடும்.”

அப்பாவிடம் நான்கு நாள் என்று சொல்லி அனுமதி வாங்கினார். கோடை விடுமுறை, பள்ளி காலியாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் துலக்கிய பிறகு அம்மா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவாள். மாமா காலை பஸ்ஸில் வர வேண்டியவர். திருக்கழுக்குன்றத்தில் மலைக்குக் கழுகு வந்து போனதைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் வண்டியை எடுத்தான் என்று தினமும் தாமதத்துக்கு ஒரே காரணம் சொல்வார்.

அம்மாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை பீரோவைத் திறந்து அம்மையார் எழுதிய புத்தகத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுப்பார். மாலையில் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார். மாமா அதைச் சரிபாதியில் திறந்துவைத்தார். இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தால்தான் படத்தில் எடுப்பாக இருக்குமாம். இடது கை அடியில் தாங்க வேண்டும், வலது கை பக்கத்தின் மேல் இருக்க வேண்டும்.

எனக்கும் வேலை கொடுத்தார். முந்நூறு வரை நான் எண்ண வேண்டும். அதுவரை அம்மா அசையக்கூடாது. பிறகு சற்று ஓய்வு, மறுபடி முந்நூறு. நான் தப்பாமல் எண்ணுவேன். ஊரில் என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் பொறுப்பு அது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நூற்று நாற்பதில் இருக்கும்போது பார்த்துவிட்டேன்.

“மாமா, அம்மா பக்கத்த திருப்பிடுச்சு.”

மாமா தூரிகையைக் கீழே வைத்தார். “அக்கா, படிக்கிற மாரி இருன்னேன். படிக்கச் சொன்னனா?”

“கண்ணு சும்மா இருக்குமாடா? எழுத்து எதிர்லயே கீது.”

“நீ பத்து நாள் படிச்சா, எம் படத்துல ஒரு பொஸ்தகம், உன் கையில வேற பொஸ்தகமா ஆயிடும்.”

இரண்டு முந்நூறு கழித்து, நூற்றெழுபதில் மறுபடி ஒரு பக்கம் திரும்பியது. முதலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு முந்நூறு ஆயிற்று. போகப் போக ஒரு முந்நூறுக்கே ஒரு பக்கம் போயிற்று. உதடுகள் மட்டும் அசையும். மாமா முதலில் சலித்துக்கொண்டார், பிறகு விட்டுவிட்டார்.

ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா தலைமையாசிரியையைக் கேட்டாள். “இத வூட்டுக்கு எடுத்துக்கினு போயி நாளைக்குக் கொண்டாரட்டுங்களா?”

“இருக்கறது ஒரே பிரதிம்மா. இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. படம் முடிஞ்சதும் பெட்டியில போட்டு சீல் வைக்கறதா கமிட்டியில முடிவு.”

“இந்தப் பொண்ணு கடேசில புருசன் வூட்டுக்குத் திரும்பிப் போறாளா, இங்கயே இருந்து படிக்கிறாளா?”

தலைமையாசிரியை புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார். “நான் இன்னும் படிக்கலைம்மா. பள்ளிக்கூட வேலையே சரியாப் போயிடுது.”

யாரோ அடுத்த தெருப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் வெளியே போய் ரயில் பெட்டிகளை எண்ணினேன். சரக்கு வண்டி, நாற்பத்தொன்று.

நான்கு நாள் பதினேழு நாளாயிற்று. அப்பா ஒரு மாலை மாமாவை மடக்கினார். “நாலு நாளுன்னியே மச்சான், வூட்ல காப்பி போட ஆளில்ல.”

“மூக்கு காயணும் மாமா. மூக்கு காயாம கண்ணு போட முடியாது.”

அப்பாவுக்குப் பார்சல் சட்டங்கள் எல்லாம் தெரியும். மூக்கு காயும் விதி தெரியாது. “ஞாயித்துக் கெழமையோட சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திங்களன்று விழா.

வெள்ளிக்கிழமை மாமா தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு “முடிஞ்சுது” என்றார். தலைமையாசிரியை வந்து பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் படத்தின் எதிரே நின்று கையெடுத்துக் கும்பிட்டு, “அவங்களேதான். அப்பிடியே உக்காந்துகினு கீறாங்க” என்றாள். அசலாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை புத்தகத்துக்குக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை சரியில்லடா” என்றாள்.

“இன்னா சரியில்ல?”

“சரியில்ல. சோத்துக் கை.”

“நல்லாத்தானே இருக்கு” என்றார் தலைமையாசிரியை.

மாமா படத்தில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். இடப்பக்கம் கனத்துக் கிடந்தது. வலப்பக்கம் பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருக்கும். அம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் படத்துக்கு அருகில் போய்ச் சரிபார்த்தேன். கட்டைவிரலோடு சேர்த்து ஐந்து விரல்கள், ஐந்துக்கும் நகம்கூடப் போட்டிருந்தார்.

“ஆமா டீச்சர்” என்றார் மாமா. “அக்கா சொல்றது சரிதான். கை சரியில்ல. நாளிக்கும் ஆவும், நாளன்னிக்கும் ஆவும்.”

கந்தையை டர்பன்டைனில் நனைத்து அந்தக் கையை மணிக்கட்டு வரை துடைத்தார். பதினேழு நாள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்திருந்த பகுதி அதுதான்.

“அஞ்சு வெரலும் இருந்துச்சே மாமா” என்றேன்.

“இருந்துச்சு. நீ எண்ணு.”

அம்மா குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். மாமாவுக்குத் தொழில் மறந்துபோய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.