கோழி வேஷத்தில் நெவில்

ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்ற ஊரில் பெரில் நடத்தும் பொரித்த கோழிக் கடை வாசலில், மஞ்சள் கோழி வேஷம் போட்டுக்கொண்டு போகிற வருகிற கார்களைக் கூப்பிடுவதுதான் நெவில் ட்ரெகியரின் வேலை. அவனுக்கு முன்னால் ஒரு கோடைக்காலம் மட்டும் அந்த வேஷத்தைப் போட்டவன் லாக்லன் டைஸ். இன்று லாக்லன் ஹாலிவுட்டில் பெரிய நடிகன். அவன் வீட்டில் குதிரைகளுக்குக்கூடத் தனி நீச்சல் குளம் உண்டு.

போன வருஷம் லாக்லனின் இளமைக்காலத்தைப் படமெடுக்க ஒரு கூட்டம் வந்தது. லாக்லனே மறுபடி வேஷம் போட்டுக்கொண்டு சாலையோரம் நடந்தான். ஒரு கார்கூட நிற்கவில்லை. நாய் ஒன்று மட்டும் குரைத்தது.

“சார், பார்க்க கோழி மாதிரியே இல்லையே,” என்று தயங்கினாள் படத்தை இயக்க வந்த பெண்.

“அன்னைக்கும் நான் இப்படித்தாம்மா நடந்தேன்!”

“ஆமாடா, அதனாலதான் உன்னை வேலைய விட்டு அனுப்பினேன்,” என்றாள் பெரில், கடைக்குள்ளிருந்து.

கடைசியில் லாக்லனாக நெவிலையே நடக்க வைத்தார்கள். அவன் இறக்கையைத் தட்டியதும் லாரிகள் ஹாரன் அடித்தன. நிழலில் உட்கார்ந்திருந்த லாக்லனுக்கே பசி எடுத்துவிட்டது.

படம் வந்தபோது ஊரே தியேட்டரில் இருந்தது. திரையில் கோழி நடந்த இடத்தில், ‘இந்த மகா கலைஞனின் திறமை அன்றே தெரிந்தது’ என்று ஒரு கனத்த குரல் சொன்னது. நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“யோவ், அது நீதான்யா!” என்று விலாவில் இடித்தாள் அவன் மனைவி க்ளெனிஸ்.

“சும்மா இரு க்ளெனிஸ். அந்த வெயில்ல பையன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கான் பாரு!”